பாப்பா பக்கத்துக்குக் கீழே

குறிப்பு எழுதும் ஆப்களில் எது நல்லது என்று முடிவு செய்ய நான் எழுதிய குறிப்புகள், மற்ற எல்லாக் குறிப்புகளையும்விடப் பெருகிவிட்டன. எனக்கு வேண்டியது ஆப் தானா என்ற சந்தேகம் அப்போதுதான் வந்தது. அதையும் ஒரு குறிப்பாக எழுதி வைத்தேன்.

என் மகளுக்கு அப்போது இரண்டு வயது முடிந்திருந்தது. பேச்சு வரவில்லை. 'ம்மா' என்பாள், அது நானாகவும் இருக்கும், தண்ணீராகவும் இருக்கும், சுற்றாமல் நிற்கும் மின்விசிறியாகவும் இருக்கும். 'தா' என்பாள். பூவைக் கண்டால் 'பூ'. எதிர்வீட்டுப் பிள்ளை எங்கள் பிள்ளையைவிட இளையது. அது வாசலில் நின்றுகொண்டு, "ஆட்டோ வரலையா? ஏன் வரலை?" என்று தன் அப்பாவை அதட்டும். அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்துபோய் எங்கள் வீட்டு ஜன்னலைச் சாத்துவேன். பிறகு, பேச்சுச் சத்தம் காதில் விழுந்தால்தானே பிள்ளை பேசும் என்று திரும்பத் திறந்துவிடுவேன்.

டாக்டர் அமைதியாகத்தான் சொன்னார். "பயப்படாதீங்க. காதுக்கு ஒரு டெஸ்ட் எடுத்துருவோம், திருநெல்வேலிக்கு எழுதித் தாரேன். அதுவரைக்கும் பிள்ளை சொல்லுற வார்த்தையை எல்லாம் எழுதி வைங்க. எப்ப சொன்னா, எதைப் பாத்து சொன்னான்னு."

எழுதச் சொன்னால் போதும், எனக்கு உயிர் வந்துவிடும். நாசரேத்தில் ஆசிரியர் வீட்டில் வளர்ந்தவள் நான். எங்கள் வீட்டில் காய்ச்சல் வந்தால்கூடக் கட்டம் போட்டுத்தான் வரும். முதலில் ஒரு நோட்டு வாங்கினேன். நோட்டு அலுவலகத்தில் கிடக்கும். பிள்ளை வீட்டில் ஏதாவது சொல்லும். நோட்டு வீட்டுக்கு வந்த நாட்களில் பிள்ளை ஒன்றும் சொல்லாது. போன் என்றால் எப்போதும் கையில் இருக்கும் என்று ஆப் தேடத் தொடங்கினேன்.

துறைமுகத்துக்குப் போகும் சரக்குகளுக்குக் காகித வேலை செய்து கொடுக்கும் ஒரு ஏஜென்சியில் வேலை பார்க்கிறேன். பக்கத்து சீட்டில் ஒரு அக்கா. வேம்பாரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருபவள். அவள்தான் இலவச ஆப்பைக் காட்டினாள். ஒரு சொல்லை இரட்டை அடைப்புக்குள் போட்டால் அது இன்னொரு பக்கத்துக்கு வாசலாகிவிடும். 'பூ' என்ற பக்கத்திலிருந்து 'மாமியின் கொண்டை' என்ற பக்கத்துக்குப் போகலாம். அங்கிருந்து 'ஞாயிறு பூசை'க்கு. எல்லாப் பக்கங்களையும் புள்ளிகளாகவும் கோடுகளாகவும் ஒரே படத்தில் பார்க்கலாம். என் மகளின் பேச்சு முழுவதும் ஒரு கையளவு புள்ளிகள்தான். ஆனாலும் அவற்றுக்கு நடுவே கோடுகளைக் கண்டபோது எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

"எல்லாம் உன் போனுக்குள்ளேயே இருக்கும். வேற எவனும் பாக்க முடியாது. துட்டும் கிடையாது" என்றாள் அக்கா.

வேறு யாரும் பார்க்க முடியாது என்பதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. காரணம் என் மாமி.

என் கணவர் சரக்குக் கப்பலில் இன்ஜினியர். நான் கடற்கரை இல்லாத ஊர்ப் பெண்; மணமாகி வந்தது கடற்கரைத் தெருவுக்கு. எங்கள் பக்கம் மாமியாரை அத்தை என்போம், இங்கே மாமி. இரண்டு வாசலுக்கு ஒருவராவது கடலுக்குப் போயிருக்கும் இந்தத் தெருவில் சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்த ஒரு சட்டம் உண்டு. கடலில் இருக்கிறவனுக்குக் கெட்ட செய்தி சொல்லக் கூடாது. அவன் இறங்கி வீட்டுக்கு வந்து, குளித்து, சாப்பிட்ட பிறகுதான் சொல்ல வேண்டும். டாக்டரிடமிருந்து திரும்பிய அன்றே மாமி என்னைத் தெருமுனை மாதா கெபிக்கு அழைத்துப் போய் ஒரு மெழுகுவர்த்தியைக் கொளுத்திவிட்டுச் சொன்னார்:

"ஏளா, இதை அவன்கிட்ட மூச்சு விட்டிராத. மிஷின் பக்கத்துல நிக்கிற பய. கை ஓடாது, கால் ஓடாது. என்ன, உன் காதுலதான் சொல்லுதேன்."

"சரி மாமி" என்றேன். மூத்தவர்கள் சொன்னால் சரி என்பது என் வளர்ப்பு. சரிதானா என்று இரவெல்லாம் யோசிப்பதும் என் வளர்ப்புதான்.

சிக்கல் என் கணவரிடமிருந்தே வந்தது. கப்பலில் ஆளுக்கு இவ்வளவு என்று நெட்டை அளந்துதான் கொடுப்பார்கள். வீடியோ கால் பாதியில் உறைந்துபோகும். ஒருநாள் அவர், "பாப்பாவைப் பத்தி நீ என்னமோ எழுதி வைக்கிறியாமே, நானும் பாக்கிற மாதிரி ஏதாவது பண்ணேன். பல்லு எத்தனை, ஊசி எப்போ, எல்லாம். நெட் கிடைக்கும்போது படிச்சுக்கிடுதேன்" என்றார். மாமிதான் பேச்சுவாக்கில், "உன் பொண்டாட்டி எப்பப் பாரு போன்ல எழுதிக்கிட்டே இருக்கா" என்று புகார் சொல்லியிருக்கிறார்.

இலவச ஆப்பில் அது முடியாது. முடியும், ஆனால் ஏதேதோ செய்ய வேண்டும். செய்து பார்த்ததில் ஒரு பக்கம் இரண்டாகிவிட்டது. இரண்டில் எது புதியது என்று தெரியாமல் ஒரு மத்தியானம் போயிற்று. கட்டண ஆப்பில் பகிர்வது சுலபம். யாருக்கு வேண்டுமோ அவருடைய மின்னஞ்சலைப் போட்டால் போதும். முதலில் கொஞ்ச நாள் சும்மா பார்க்கலாம், பிறகு மாதாமாதம் கட்ட வேண்டும். கட்டாமல் விட்டால் நம் குறிப்புகள் நம்மிடமே இருக்கும்; நாம் யாருக்குப் பகிர்ந்தோமோ அவருக்கு மட்டும் கதவு மூடிக்கொள்ளும்.

ஒப்பிட்டுச் சொல்லும் வீடியோக்கள் எல்லாவற்றையும் பார்த்தேன். அவற்றின் கீழே எழுதியிருந்த சண்டைகளையும் படித்தேன். கட்டணத்தை நிறுத்தினால் பழைய பக்கங்கள் என்ன ஆகும்? கம்பெனியையே மூடிவிட்டால்? என் பிள்ளையின் வார்த்தைகள் யாரோ ஒருவருடைய கம்ப்யூட்டரில் கிடப்பது சரியா? இலவசம் என்றால் போன் கடலில் விழுந்தால் எல்லாம் போயிற்று. போன் ஏன் கடலில் விழப் போகிறது என்று அக்கா கேட்டாள். எனக்குப் பயம் மட்டும்தான் தெரிந்தது.

"நீ ஆப்புக்கு மாப்பிள்ளை பாக்குத மாதிரி பாக்க" என்றாள். "எதையாவது ஒண்ணைக் கட்டிக்கிட்டு அழு."

கடைசியில் இரண்டையும் வைத்துக்கொண்டேன். ஊசி, பல், சாப்பாடு, புகைப்படம் எல்லாம் கட்டண ஆப்பில், அவருக்காக. பேச்சு மட்டும் இலவச ஆப்பில், எனக்காக. அது நிலைக்கவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த வாரத்தில் அவள் ஒரு சத்தமும் எழுப்பவில்லை. காய்ச்சல் ஒரு ஆப்பில் இருந்தது, மௌனம் இன்னொன்றில் இருந்தது. நடுவே கோடு போட வழியில்லை. டாக்டரிடம் எதைக் காட்டுவது? இந்த இரண்டாகப் பிரிந்த பிள்ளையைப் பார்க்கவே எனக்குப் பொறுக்கவில்லை. எல்லாவற்றையும் கட்டண ஆப்புக்கே கொண்டுவந்தேன்.

வந்ததை அடுக்கியது என் அலுவலகக் கை. எங்கள் வேலையில் ஒரு கண்டெய்னருக்கு மேலே ஒரு பெரிய பில் இருக்கும். மாஸ்டர் என்போம். அதற்குக் கீழே, உள்ளே இருக்கும் ஒவ்வொருவர் சரக்குக்கும் தனித்தனியாகச் சின்ன பில்கள், ஹவுஸ் பில் என்போம். கப்பல் கம்பெனிக்கு மாஸ்டரை மட்டும்தான் கொடுப்போம். சின்ன பில்கள் எங்கள் மேசையை விட்டுப் போகாது. யாருடைய சரக்கு, யாருக்குப் போகிறது என்பது கப்பல்காரர்களுக்குத் தெரியவே தெரியாது. இத்தனை வருடமாக இதைச் செய்து பழகிய கை. 'பாப்பா' என்று மாஸ்டர் பக்கம் ஒன்று வைத்தேன். அதற்குக் கீழே 'பல்', 'ஊசி', 'சாப்பாடு', கடைசியாக 'பேச்சு'. மேலே இருந்த 'பாப்பா'வை மட்டும் அவருக்குப் பகிர்ந்தேன். பல்லும் ஊசியும் அவருக்குத் தெரியட்டும் என்று அவற்றின் சாரத்தை மாஸ்டரிலேயே எழுதிவைத்தேன். அத்தனை கவனம்.

அந்த நேரத்தில்தான் கம்பெனி அவரிடம், காண்ட்ராக்ட் முடிந்தாலும் இன்னும் சில மாதம் நிற்க முடியுமா என்று கேட்டிருந்தது. "வீட்ல எல்லாம் நல்லாத்தானே இருக்கு? இருந்திரட்டுமா?" என்று கேட்டார். மாமி பின்னாலிருந்து, "எல்லாம் நல்லாருக்குலே. உனக்கு எது சரின்னு படுதோ அதைச் செய்" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று அவர் போனை வைத்தார்.

எதை நம்பி யோசிக்கப் போகிறார்? எல்லாம் நன்றாக இருக்கிறது என்பதை நம்பி. அவர் சரி என்று சொல்லிவிட்டால் அடுத்த மழைக்காலம் வரை வர முடியாது. அதற்குள் பிள்ளை பேசிவிட்டால், சொல்லாததே நல்லது என்று ஆகிவிடும். பேசாவிட்டால்? அவரிடம் எந்த முகத்தோடு சொல்வது? இந்தக் கேள்வியோடுதான் அந்த வாரம் முழுவதும் பில் அடித்தேன். ஒரு பில்லில் உப்பு என்று போட வேண்டிய இடத்தில் முந்திரி என்று போட்டுவிட்டேன். அக்காதான் பார்த்துத் திருத்தினாள்.

அந்த வாரக் கடைசியில் ஒரு மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு 'பேச்சு' பக்கத்தைத் திறந்தேன். கடைசியில் நான் எழுதாத ஒரு வரி இருந்தது.

'போம்ம். கப்பல் ஹாரன். வீடியோ காலில் நான் ஹாரன் மாதிரி சத்தம் போட்டால் திருப்பிச் சொல்லுகிறாள். நீ அடுப்படியில் இருக்கும்போது. இது வார்த்தையில் சேருமா?'

படித்துவிட்டு மூடினேன். திறந்து மறுபடி படித்தேன். வரி போகவில்லை.

அக்கா எட்டிப் பார்த்தாள். என் போனை வாங்கி எதையோ தட்டினாள். "ஏளா, மேலே உள்ளதைப் பகிர்ந்தா கீழே உள்ளதெல்லாம் சேர்ந்தே போகும். இதுகூடத் தெரியாதா?"

"மாஸ்டரைக் கொடுத்தா ஹவுஸ் பில் போகுமா?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே பரிதாபமாக இருந்தது.

"இது கஸ்டம்ஸா?" என்று சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தி, தன் டப்பாவிலிருந்த மீன் துண்டை என் சோற்றில் வைத்தாள். "சாப்பிடு. தெரிஞ்சது தெரிஞ்சு போச்சு."

அவர் எல்லாவற்றையும் படித்திருந்தார். 'எதிர்வீட்டுப் பிள்ளை முழு வாக்கியம் பேசுகிறது' என்று ஒருநாள் எழுதியிருந்தேன். 'அவருக்குத் தெரியக் கூடாது என்று மாமி சொல்கிறார். சரிதானா?' என்றும் எழுதியிருந்தேன். அதையும்.

வீட்டுக்குப் போனதும் மாமியிடம் சொன்னேன். மீன் கழுவிக்கொண்டிருந்தவர் கையை உதறி எழுந்தார்.

"நடுக்கடல்ல நிக்கிறவன் தலையில கல்லைத் தூக்கிப் போட்டிருக்கே. படிச்சு என்னத்துக்கு? உங்க ஊர்ல இதைத்தான் சொல்லிக் கொடுத்தாவளா?"

பிள்ளை எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மீன் சட்டியைக் காட்டி, "ம்மா" என்றாள். அதை எழுதுவதா வேண்டாமா என்று என் கை போனைத் தேடியது. எனக்கே வெட்கமாக இருந்தது.

சாயங்காலம் அவர் கூப்பிட்டார். ஏதோ துறைமுகத்தை ஒட்டி நின்றிருக்கிறார்கள்; முகம் தெளிவாகத் தெரிந்தது.

"ஏன் சொல்லல?" என்றார் என்னிடம்.

"டாக்டர் இன்னும் உறுதியா ஒண்ணும்..." என்று இழுத்தேன்.

"எலே, அவளை ஏன் கேக்க? நான்தான் சொல்லாதேன்னேன்" என்று மாமி போனைத் தன் பக்கம் திருப்பினார். "கடல்ல இருக்கிறவன்கிட்ட இதைச் சொன்னா நீ என்ன செய்வே? நீந்தியா வருவே?"

அவர் சிரிக்கவில்லை. சட்டைக் கையைச் சுருட்டி இடது முழங்கையைக் கேமராவுக்கு முன்னால் நீட்டினார். அந்தக் கை முழுதாக நீளாது. கல்யாணமான புதிதில் நான் கேட்டபோது, சின்ன வயதில் விழுந்தது என்று மட்டும் சொல்லியிருந்தார்.

"இதையும் அப்பாகிட்ட சொல்லலல்லா?"

மாமனார் சரக்குத் தோணியில் மாலத்தீவுக்குப் போய்வந்துகொண்டிருந்தவர். இப்போது இல்லை.

"கட்டுப் பிரிச்சு, கை கோணலா ஒட்டினப்புறம்தான் அப்பா வந்தாவ. கிரிக்கெட் மட்டை வாங்கிட்டு வந்திருந்தாவ, ஞாபகம் இருக்கா? 'எங்க, அடிலே பாப்போம்'னாவ. எனக்கு மட்டையைப் பிடிக்க வரல. அப்பா மட்டையைச் சுவத்துல சாத்திட்டு உங்களைப் பாத்து 'எப்போ?'ன்னு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாவ. அந்த மூஞ்சி எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கும்மா. நானும் பொம்மையை வாங்கிட்டு வந்து பாப்பாகிட்ட 'அப்பா சொல்லு, அப்பா சொல்லு'ன்னு நிக்கணுமா?"

மாமி போனை என் பக்கம் திருப்பிவிட்டு, "மட்டை நல்ல மட்டைதான்" என்றார். பிறகு அடுப்படிக்குப் போய்விட்டார். பாத்திரங்கள் வேண்டியதைவிட அதிகமாகச் சத்தம் போட்டன.

"கம்பெனிக்கு முடியாதுன்னு எழுதிட்டேன். எனக்குப் பதிலா ஆள் ஏறினதும் இறங்கிருவேன்" என்றார் என்னிடம்.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு அடுத்த கவலை பிறந்தது. கம்பெனி மனதில் வைத்துக்கொள்ளுமோ? அடுத்த கப்பல் தாமதமாகுமோ? நான் ஒழுங்காக அடுக்கத் தெரியாததால் ஒரு மனிதருடைய வேலை போகுமோ? அவரிடம் இதைக் கேட்கவில்லை. வேறொன்றைக் கேட்டேன்: "நீங்க எங்ககிட்ட எதையாவது மறைக்கிறீங்களா?"

அவர் முகம் உறைந்து நின்றது. நெட் போயிருந்தது. நெட்தான் போனது என்று நினைக்கிறேன்.

காது டெஸ்டுக்குத் திருநெல்வேலி போனோம். பிள்ளை தூங்கினால்தான் எடுக்க முடியும். பஸ்ஸில் தூங்கியவள் ஆஸ்பத்திரியில் விழித்துக்கொண்டாள். மாமி அவளைத் தோளில் போட்டு வராந்தாவில் நடந்து நடந்து தூங்க வைத்தார். காது நன்றாகக் கேட்கிறது என்று முடிவு வந்தது. பேச்சுப் பயிற்சிக்கு வரச் சொன்னார்கள். அங்கே பெஞ்சில் உட்கார்ந்தபடியே 'பேச்சு' பக்கத்தில் எழுதினேன். நாங்கள் பஸ் ஏறுவதற்குள் கீழே அவர் ஒரு கும்பிடு போட்டிருந்தார். காது கேட்கிறது என்றால் பிறகு ஏன் பேசவில்லை என்ற கேள்வி பஸ்ஸில் என் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தது.

சும்மா பார்க்கும் காலம் முடியப் போகிறது, பணம் கட்டுகிறீர்களா என்று ஆப் கேட்கத் தொடங்கியது. அக்கா, "அதான் வரப் போறாவள்லா, இனி என்னத்துக்கு? பழையபடி இலவசத்துக்கு மாத்திரு" என்றாள். நியாயமாகத்தான் பட்டது. அவருக்குப் பதில் வரவேண்டிய ஆள் இன்னும் வரவில்லை என்பதும் நினைவுக்கு வந்தது. கட்டவா, விடவா என்று வீட்டில் உட்கார்ந்து புலம்பியதை மாமி கேட்டுவிட்டார்.

"கட்டாட்டி அவன் பாக்க முடியாதா?"

"முடியாது மாமி."

"அப்பக் கட்டித் தொலை." பிறகு, எங்கோ பார்த்தபடி, "எழுதிக்கோ. காலையில மொட்டை மாடியில காக்காயைக் காட்டி 'கா'ன்னு சொல்லிச்சு. நான் சொல்லிக் கொடுக்கல. அதுவா சொல்லிச்சு."

எழுதினேன். மாமி என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "நான் சொல்லிக் கொடுக்கலன்னும் போடு" என்றார். அதையும் போட்டேன்.

"இன்னொண்ணு" என்றார். "முந்தாநாள் தலை சுத்துச்சுன்னு ஆஸ்பத்திரிக்குப் போனேன்லா. பிரஷர் ஏறிருக்காம். மாத்திரையைக் கூட்டிருக்காவ. அதை எங்கனயும் எழுதிராத. மனசு சங்கடப்படுத மாதிரி எதையும் கேக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லுதாவ."

"சரி மாமி" என்றேன்.

பணம் கட்டினேன். கட்டி முடித்ததும் இன்னொரு மாதம் பொறுத்திருக்கலாமோ என்று தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை காலை, மாமி பூசைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். பிள்ளைக்குக் கவுன் மாட்டிக்கொண்டே ஆப்பைத் திறந்தேன். 'பாப்பா' பக்கத்துக்குக் கீழே, 'பல்', 'ஊசி', 'சாப்பாடு', 'பேச்சு' எல்லாவற்றுக்கும் அடியில், ஒரு புதிய பக்கம் இருந்தது. தலைப்பு 'நான்'. உள்ளே அவர் எழுதியிருந்தார்:

'இடுப்பில் வலி. கொஞ்ச நாளாக இருக்கிறது. ஏணி ஏறும்போது அதிகம். சீஃப் இன்ஜினியரிடம் சொல்லியிருக்கிறேன். நீ கேட்டாயே என்று எழுதுகிறேன்.'

இதற்குத்தான் நான் ஆசைப்பட்டேன். இப்போது கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை. எங்கிருந்து நான் தைலம் தேய்ப்பது? மாமி சொன்னதில் பாதி எனக்கு அப்போதுதான் புரிந்தது. கீழே, 'மாத்திரை போட்டீங்களா? ஏணி ஏறாதீங்க' என்று எழுதினேன். கப்பலில் வேலை பார்ப்பவரிடம் ஏணி ஏறாதீங்க என்றால்? அழித்தேன். 'மாத்திரை போட்டீங்களா?' மட்டும் மிச்சம் இருந்தது. பதில் இல்லை.

மாமி கொண்டையில் பூவைச் செருகிக்கொண்டே வந்து நின்றார். பிள்ளை கையை நீட்டி, "பூ" என்றாள்.

"என்னளா, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு? அவன் எதுவும் எழுதிருக்கானா?"

போனைக் கவிழ்த்து வைத்தேன்.

"ஒண்ணுமில்ல மாமி" என்றேன். "கவுன் மாட்ட மாட்டேங்கிறா."